லோஃபோட்டன் தீவுகளுக்குப் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் வடமேற்குக் கடலோரத்தில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது லோஃபோட்டன். கடலிலிருந்து நேராக எழும் கருமலைகள், அவற்றின் அடிவாரத்தில் சிவப்பு வீடுகளோடு மீனவக் கிராமங்கள், இடையிடையே வெண்மணல் கரைகள். படங்களைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்கிற கேள்விகளுக்கு நான் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்: அங்கே பார்க்கிற இடங்களைக் குறைத்து, தங்குகிற நாட்களைக் கூட்ட வேண்டும்.

லோஃபோட்டன் ஒரு ஊரா, தீவா?

தீவுக்கூட்டம். கிழக்கிலிருந்து மேற்காக ஆஸ்ட்வோகோய், கிம்சோய், வெஸ்ட்வோகோய், ஃப்ளாக்ஸ்டாடோய், மோஸ்கெனெஸோய் என்ற ஐந்து பெரிய தீவுகளும் பாலங்களாலும் சுரங்கப் பாதைகளாலும் இணைந்திருக்கின்றன. ஈ10 என்ற ஒரே நெடுஞ்சாலை இவற்றைக் கோத்துக்கொண்டு போய், 'ஓ' என்ற ஓரெழுத்துப் பெயர் கொண்ட கிராமத்தில் முடிகிறது. அதற்கும் தென்மேற்கே திறந்த கடலில் வாரோய், ரோஸ்ட் என்ற இரண்டு தீவுகள் தனியே கிடக்கின்றன. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 24,000 பேர்தான் வாழ்கிறார்கள். ஸ்வோல்வார், லெக்னெஸ் இரண்டையும் நகரம் என்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் அவை பெரிய கிராமங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

ஐந்து இரவுகளுக்குக் குறைந்தால் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு வாரம் இருந்தால் நல்லது.

ஸ்வோல்வாரிலிருந்து ஓ கிராமம் வரை ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். போகலாம், ஆனால் அன்று மேகம் மலையின் பாதிவரை இறங்கியிருந்தால் மலையே கண்ணில் படாது. இரண்டு நாள் மழையும் காற்றும் அடித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் எல்லாம் துலக்கமாகத் தெரிவது அங்கே சாதாரணம். அந்த மூன்றாம் நாள் வரை நீங்கள் அங்கே இருக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஊர் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் அது நடக்காது. மொத்தப் பயணத்துக்கும் இரண்டு வீடுகள் எடுத்துக்கொண்டு, அன்றன்றைய வானத்தைப் பார்த்து எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள். நார்வே வானிலைத் துறையும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'யூர்' என்ற செயலியில் தீவின் வடகரைக்கும் தென்கரைக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஒரு பக்கம் மழை கொட்டும்போது மலைக்கு அந்தப் பக்கம் வெயில் அடிப்பதும் உண்டு.

எந்த மாதம் போவது நல்லது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஒவ்வொரு பருவத்திலும் அது வேறு ஊர்.

மே கடைசி வாரம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. இரவு பதினொரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறப் போகலாம், இருட்டிவிடுமோ என்ற பயம் இல்லை. பாதைகளில் பனி கரைந்திருக்கும், படகுகள் எல்லாம் ஓடும். ஆனால் ஜூலையில் கூட்டம் அதிகம். குறுகிய சாலையில் உள்ளேயே தங்கக்கூடிய வீட்டு வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், தங்கும் வீடுகளின் வாடகை உச்சத்தில் இருக்கும். கோடையில்தான் முடியும் என்றால் ஜூன் முதல் பாதியைப் பாருங்கள்.

ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை, முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம். மலைப் பாதைகளில் இன்னும் நடக்கலாம். புல்லும் பிர்ச் மரங்களும் மஞ்சளும் செம்மையுமாக மாறத் தொடங்கும். இருட்டு திரும்பியிருப்பதால் வானம் தெளிந்தால், இரவு வானில் வண்ணத் திரைபோல் அசையும் துருவ ஒளியும் தெரியும். கூட்டமும் குறைந்திருக்கும்.

அக்டோபரும் நவம்பரும் காற்றும் மழையும்தான். பல உணவகங்களும் அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும் அல்லது நேரத்தைக் குறைத்திருக்கும். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஓர் ஒளி இருக்கும்.

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் மீன்பிடிப் பருவம். மலைகளில் பனி, துறைமுகம் நிறையப் படகுகள், இரவில் துருவ ஒளி. அந்த ஊர் எதனால் வாழ்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மார்ச்சில் போக வேண்டும். பனிச் சாலையில் கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பேருந்தை நம்பிப் போக வேண்டும்.

நள்ளிரவுச் சூரியன், துருவ ஒளி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாமா?

முடியாது. சூரியன் மறையாத காலத்தில் துருவ ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவுச் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். ரைனே, ஹென்னிங்ஸ்வார் போன்ற புகழ்பெற்ற கிராமங்கள் தென்கரையில், மலைக்குப் பின்னால் இருக்கின்றன. உத்தாக்லைவ், உன்ஸ்டாட், எக்கும் போன்ற வடகரை இடங்களுக்குப் போனால்தான் சூரியன் கடலைத் தொடாமல் மீண்டும் ஏறுவதைப் பார்க்கலாம்.

அவ்வளவு வடக்கே குளிரைத் தாங்க முடியுமா?

நினைப்பதைவிடக் குளிர் குறைவு. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு போவதால், ஜனவரியில்கூடச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இதே அட்சரேகையில் இருக்கும் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் அது ஆச்சரியம்தான். ஜூலையில் 12, 13 டிகிரி சராசரி. நல்ல வெயில் நாளில் இருபதைத் தாண்டும்.

வாட்டுவது காற்றும் ஈரமும்தான். பருமனான ஒரே கோட்டைவிட, உள்ளே கம்பளி உடுப்பு, மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி என்று அடுக்கடுக்காகப் போடுவது நல்லது. பருத்தி நனைந்தால் காயாது, அதனால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மலை ஏறாதீர்கள். குடை அங்கே உதவாது, காற்று பிய்த்துவிடும். கோடையிலும் குல்லாவும் கையுறையும் பையில் இருக்கட்டும். குளிர்காலத்தில் காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுவதுதான் நம்மவர்களுக்கு நடக்கக்கூடிய முதல் விபத்து.

விசா?

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். கோடைக்குப் போவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சிலேயே நேர்காணல் நாளைப் பிடித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நீங்கள் அதிக நாள் தங்கும் நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் நான்கு நாள், நார்வேயில் எட்டு நாள் என்றால் நார்வேயிடம் கேளுங்கள்.

எப்படிப் போய்ச் சேருவது?

பெரும்பாலும் ஒஸ்லோ வழியாகத்தான். அங்கிருந்து மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஏவெனெஸ் விமான நிலையம். ஒஸ்லோவிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. அங்கே கார் எடுத்துக்கொண்டு ஸ்வோல்வாருக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். 2007 வரை இந்த வழியில் ஃபெரியில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் லோஃபாஸ்ட் சாலை திறந்த பிறகு நிலவழியாகவே தொடர்ந்து போகலாம். குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு போகிறவர்களுக்கு இதுவே சுலபம்.

இரண்டாவது, பூடோ நகரம். அங்கே விமானத்திலோ ரயிலிலோ போகலாம். ட்ரோன்ஹெய்மிலிருந்து ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓடி, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து வரும் நூர்லாண்ட் ரயில்பாதை பூடோவில்தான் முடிகிறது. பூடோவிலிருந்து ஸ்வோல்வாருக்கும் லெக்னெஸுக்கும் சின்னஞ்சிறு விமானங்கள் பறக்கின்றன. ஆனால் நான் பரிந்துரைப்பது மோஸ்கெனெஸ் போகும் கார் ஃபெரியைத்தான். மூன்றரை மணி நேரம் போல ஆகும். வெஸ்ட்ஃபியூர் என்ற அகன்ற கடலைக் கடக்கும்போது முன்னால் மலைத்தொடர் ஒரு சுவராக எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை. கடல் கொந்தளித்தால் வயிறும் கொந்தளிக்கும், மாத்திரையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காரோடு போவதாக இருந்தால் முன்பதிவு அவசியம். சில ஃபெரிகள் ரோஸ்ட், வாரோய் சுற்றிக்கொண்டு போகும், அவற்றில் ஏறினால் பாதி நாள் போய்விடும். அட்டவணையைக் கவனமாகப் பாருங்கள்.

மூன்றாவது, நேரம் நிறைய இருக்கிறவர்களுக்கு: ஸ்டாக்ஹோமிலிருந்து கிருனா வழியாக நார்விக் வரும் ரயில். நார்விக்கிலிருந்து தீவுகளுக்குப் பேருந்து இருக்கிறது.

கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். ஈ10 சாலையில் பேருந்துகள் ஓடுகின்றன, ஆனால் நாளுக்குச் சில தடவைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு. வடகரைக் கடற்கரைகளுக்குப் பேருந்தை நம்பிப் போக முடியாது. கார் இல்லாதவர்கள் ரைனே பக்கம் ஒரே இடத்தில் தங்கிவிடுவது நல்லது. மோஸ்கெனெஸ் ஃபெரித்துறை சில கிலோமீட்டரில் இருக்கிறது. மலைப்பாதை, படகுத்துறை, கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும்.

கார் ஓட்டுவது கஷ்டமா?

கோடையில் கஷ்டமில்லை. வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதுதான் நம்மவர்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். ஈ10 பல இடங்களில் குறுகலானது, கிளைச் சாலைகள் ஒற்றை வண்டி அகலம்தான். 'எம்' என்று எழுதிய பலகை உள்ள ஒதுக்கிடத்தில் நின்று எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். படம் எடுப்பதற்காக அந்த ஒதுக்கிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஆம்புலன்ஸும் பள்ளிப் பேருந்தும் மீன் லாரியும் போக அந்த ஒரே சாலைதான்.

இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.02 சதவீதம். ஒரு பியர் குடித்தாலும் சாவியைத் தொடாதீர்கள். அபராதங்கள் கடுமையானவை. ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் எடுத்துக்கொண்டு போனால் வாடகை நிறுவனத்தில் பேச்சுக்கு இடமிருக்காது. கோடையில் ஆடுகள் சாலையில் படுத்திருக்கும்.

எங்கே தங்குவது?

வாய்ப்பிருந்தால் ரோர்பு எனப்படும் மீனவர் குடிலில் தங்குங்கள். குளிர்காலத்தில் மீன்பிடிக்க வந்த வெளியூர் மீனவர்கள் பருவம் முடியும்வரை தங்குவதற்காகக் கட்டியவை. 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கபெல்வோகில் இப்படிப்பட்ட குடில்களைக் கட்டவைத்தவர் ஓய்ஸ்டைன் மன்னர் என்று வரலாறு சொல்கிறது. பாதி கரையிலும் பாதி மரத்தூண்களின்மேல் கடலிலும் நிற்கும். அந்தச் சிவப்பு நிறம்கூட அழகுக்காக வந்ததில்லை. காவி மண்ணையும் மீன் எண்ணெயையும் கலந்து மலிவாகச் செய்த பூச்சு அது. இன்று பல ரோர்புகளில் வெந்நீர், சமையலறை, நல்ல படுக்கை எல்லாம் இருக்கின்றன. நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்தால் ஓட்டல் அறைகளைவிடக் கட்டுப்படியாகும்.

எந்தப் பக்கம் என்றால், மேற்குக் கோடியில் ரைனே, ஹாம்னோய், சக்ரிசோய் பக்கம் மூன்று இரவு, நடுவில் லெக்னெஸ் பக்கம் இரண்டு மூன்று இரவு. படங்களில் நீங்கள் பார்த்த காட்சிகளில் பெரும்பாலானவை மேற்குக் கோடி. நல்ல கடற்கரைகள் நடுப்பகுதி. கிழக்கே ஸ்வோல்வாரிலும் ஹென்னிங்ஸ்வாரிலும் கலைக்கூடங்களும் காபிக்கடைகளும் அதிகம், அங்கே வழியில் தங்கிப் போகலாம். கோடைக்கும் மார்ச்சுக்கும் ஆறு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

கூடாரம் அடிக்க அனுமதி உண்டா?

உண்டு. வேலியிடாத, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், தங்கலாம் என்ற உரிமை நார்வேச் சட்டத்தில் இருக்கிறது. ஆள் வசிக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி அடிக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். ஆனால் கூட்டம் தாங்காமல் சில கடற்கரைகளிலும் சாலையோரங்களிலும் உள்ளூராட்சிகள் தடை போட்டிருக்கின்றன, பலகையைப் படியுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுப் பகுதியிலோ அதன் பக்கத்திலோ தீ மூட்டக் கூடாது. மண் மெல்லியது, கழிவு மக்க வருடக்கணக்காகும். கழிப்பறை உள்ள முகாம்களில் தங்குவதுதான் அந்த நிலத்துக்குச் செய்யும் மரியாதை.

செலவு எவ்வளவு ஆகும்?

அதிகம்தான். உணவகத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஓர் ஆளுக்கு 250 முதல் 400 நார்வே குரோனர் வரை சாதாரணமாக ஆகும். வீட்டு வாடகையும் காரும்தான் மிகப் பெரிய செலவு. மலையும் கடற்கரையும் இலவசம், குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். நாலு பேர் சேர்ந்து போய், சமைத்துச் சாப்பிட்டு, கூட்டமில்லாத மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் நிறையவே மிச்சமாகும். ரொக்கம் தேவையே இல்லை, எல்லா இடத்திலும் அட்டைதான். பெரிய பல்பொருள் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

சமைத்துக்கொள்ள வேண்டும். ஸ்வோல்வார், ஹென்னிங்ஸ்வார் பக்கம் சைவ உணவு கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. மேற்கே போகப் போகக் குறையும். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள், ரசப்பொடி, ஒரு சின்ன குக்கர் இவை இருந்தால் கவலையில்லை. மழை நாளில் ரோர்புவின் ஜன்னலோரம் சுடச்சுட ரசம் சாதம் என்பது, என் அனுபவத்தில், எந்த உணவகத்துக்கும் குறைந்ததில்லை.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நெய், பால்கோவா, பால்பொடி, இறைச்சி எதையும் கொண்டுவரக் கூடாது. இறைச்சிக்கும் பால் பொருட்களுக்கும் சுங்கத்தில் தடை இருக்கிறது. ஒஸ்லோவில் ஒரு பொழுது கிடைத்தால் கிரோன்லாண்ட் பகுதிக் கடைகளில் நம் மளிகைச் சாமான்களை வாங்கிக்கொள்ளலாம்.

மரப் பரண்களில் மீன் தொங்குகிறதே, அது என்ன?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. லோஃபோட்டன் இருப்பதே அதனால்தான்.

பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. ஸ்க்ரை என்று பெயர். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பருவம். நார்வேக் கரையின் பல ஊர்களிலிருந்தும் படகுகள் அப்போது இங்கே வந்து கூடும். பிடித்த மீனைத் தலை நீக்கி, குடல் எடுத்து, இரண்டிரண்டாக வாலைச் சேர்த்துக் கட்டி, திறந்தவெளியில் மரப் பரண்களில் தொங்கவிடுவார்கள். மே, ஜூன் வரை அப்படியே கிடக்கும். உப்பு போடுவதில்லை, புகையும் காட்டுவதில்லை. நம் பக்கத்துக் கருவாட்டில் பெரிய மீனுக்கு உப்பு இல்லாமல் முடியாது, வெயிலில் காய்வதற்குள் கெட்டுவிடும். இங்கே பிப்ரவரி, மார்ச்சில் குளிர் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. மீன் இறுக உறைவதும் இல்லை, அழுகுவதும் இல்லை, ஈயும் இல்லை. காற்று மட்டுமே நீரை உறிஞ்சிக்கொண்டு போகிறது. கடைசியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குபோலத்தான் மிஞ்சும். வருடக்கணக்கில் கெடாது.

காய்ந்த மீனைக் கண்ணால் பார்த்து, கையால் தடவி, மூக்கில் வைத்து முகர்ந்து தரம் பிரிக்க அனுபவசாலிகள் இருக்கிறார்கள். உயர்ந்த ரகம் இத்தாலிக்குப் போகிறது. காய்ந்த தலைகள் நைஜீரியாவில் குழம்புக்கு. இத்தாலித் தொடர்புக்கு ஒரு கதை உண்டு: பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிக்கி, தப்பியவர்கள் 1432 ஜனவரியில் ரோஸ்ட் பக்கம் கரையொதுங்கினார்கள். தீவு மக்கள் அவர்களைச் சில மாதங்கள் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர் எழுதிவைத்த குறிப்புகளில் உப்பில்லாமல் காயவைத்த அந்த மீன் வருகிறது.

மீனின் நாக்கை வெட்டி விற்பது அங்கே பிள்ளைகளின் வேலை. பள்ளி முடிந்ததும் கத்தியோடு மீன்கூடத்துக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். மார்ச்சில் போனால் இதையெல்லாம் நேரில் பார்க்கலாம், ஓ கிராமத்து அருங்காட்சியகங்களிலும் தெரிந்துகொள்ளலாம். பரண்களுக்கு அடியில் புகுந்து மீனைப் பிடித்து இழுக்காதீர்கள். அது ஒருவருடைய வருட வருமானம்.

மலை ஏறிப் பழக்கமில்லை. எந்த மலைக்குப் போகலாம்?

ரைனெப்ரிங்கனைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். உயரம் 448 மீட்டர். பாதை அரித்து ஆபத்தாகிவிட்டதால் நேபாள ஷெர்ப்பாக்களை வரவழைத்துக் கற்படிகள் போட்டார்கள், ஏறக்குறைய 2,000 படிகள். பழனி மலைப் படிகளைப் போல மூன்று மடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நின்றால் ரைனே கிராமமும், மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்நீட்சிகளான ஃபியூர்களும் காலடியில் விரியும். மழையில் கல் வழுக்கும், பனிக்காலத்தில் பனிச்சரிவு அபாயம் உண்டு. அப்போது ஏறவே வேண்டாம்.

எனக்குப் பிடித்தது ரீத்தன், 543 மீட்டர். ஏற்றம் மெதுவானது, உச்சியிலிருந்து க்வால்விகா கடற்கரை முழுவதும் தெரியும். ஏறவே முடியாதவர்கள் ஹௌக்லாண்டிலிருந்து உத்தாக்லைவுக்குக் கடலோரமாகச் சுற்றிப் போகும் பாதையில் நடக்கலாம்.

புறப்படும் முன் வீட்டில் யாரிடமாவது எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மேகம் இறங்கினால் திரும்பிவிடுங்கள்.

கடலில் குளிக்கலாமா?

நீர் பச்சையும் நீலமுமாக வெப்பமண்டலம் போலத் தெரியும், தொட்டால் விறைக்கும். உள்ளூர்க்காரர்கள் குளிக்கிறார்கள். உன்ஸ்டாடில் குளிர்காலத்தில்கூட ரப்பர் உடையோடு அலைச்சறுக்கு விளையாடுகிறார்கள். நீங்கள் காலை நனைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் என்ன செய்வது?

போர்க் என்ற இடத்தில், பழங்கால வடதேசக் கடலோடிகளான வைக்கிங்குகளின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஓர் உழவர் நிலத்தை உழுதபோது வெளிப்பட்டது ஒரு வைக்கிங் தலைவனின் வீடு. 83 மீட்டர் நீளம், இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட வைக்கிங் காலத்து வீடுகளிலேயே மிகப் பெரியது. அதே அளவில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நுஸ்ஃபியூர் என்ற பழைய மீனவக் கிராமமும் மழையில் அழகுதான். கபெல்வோகில் 1898-ல் கட்டிய பெரிய மரத் தேவாலயத்தையும் பாருங்கள். ஏறக்குறைய 1,200 பேர் உட்காரலாம். சின்ன ஊருக்கு எதற்கு அவ்வளவு இடம் என்றால், மீன்பிடிப் பருவத்தில் வந்து சேரும் மீனவர்களுக்காக.

படகில் போவதற்கு எது நல்லது?

ஸ்வோல்வாரிலிருந்து ட்ரோல்ஃபியூர். இரண்டு கிலோமீட்டர் நீளம், வாயிலில் நூறு மீட்டர் அகலம், இருபுறமும் செங்குத்துப் பாறை. வழியில் வெண்வால் கடற்கழுகுகளைப் பார்க்க முடியும். 1890-ல் இந்தக் குறுகிய நீரில்தான், நீராவிக் கப்பல்கள் மீனை மடக்கிக்கொண்டு வழியை அடைத்தபோது, சிறுபடகு மீனவர்கள் கப்பல்காரர்களோடு சண்டையிட்டு உள்ளே புகுந்தார்கள். பெரிய வலைக்கும் சிறிய படகுக்கும் நடுவிலான அந்தத் தகராறு நம் கரைகளில் இன்றும் ஓயவில்லை.

ரைனேயிலிருந்து வின்ஸ்டாடுக்குப் போகும் சின்னப் படகும் நல்லது, அங்கிருந்து நடந்தால் பூனெஸ் கடற்கரை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா? கிராமங்களில் படம் எடுக்கலாமா?

விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் கூடாது, லெக்னெஸும் ஸ்வோல்வாரும் அந்தக் கணக்கில் அடங்கும். ஹாம்னோய் பாலத்தில் நின்று படம் எடுங்கள், ஆனால் வண்டிகள் போகிற பாலம் அது. சிவப்பு வீடுகள் எல்லாமே வாடகைக் குடில்கள் இல்லை. மக்கள் வாழ்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

அந்தப் பக்கம் தமிழர்கள் இருக்கிறார்களா?

லோஃபோட்டனில் நம் கடையோ கோயிலோ எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் வட நார்வேயின் மீனுக்கும் தமிழருக்கும் உண்மையான உறவு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து 1956-ல் நார்வே வந்த அந்தோணி ராஜேந்திரம், பிறகு நார்வே நண்பர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் திட்டத்தைத் தொடங்கினார். 1980-களிலிருந்து போரால் வெளியேறி வந்த பலர், லோஃபோட்டனுக்கும் வடக்கே ஃபின்மார்க் கரையில் மீன் பதனிடும் ஆலைகளில் குளிரிலும் ஈரத்திலும் நின்று வேலை செய்தார்கள். இன்று ஒஸ்லோவில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் தொடக்கம் அந்த ஆலைகளில்தான். அந்தக் கடலைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. காரிலிருந்து இறங்கி நாலடி நடந்தாலே கண்கொள்ளாக் காட்சி கிடைக்கும் ஊர் அது. ராம்பெர்க், ஹௌக்லாண்ட் கடற்கரைகளுக்கு வண்டியிலேயே பக்கம்வரை போய்விடலாம். ரோர்பு பதிவு செய்யும்போது படுக்கையறை மாடியில் இருக்கிறதா, ஏணிப்படியா என்று கேளுங்கள். பழைய குடில்களில் படிகள் செங்குத்தானவை. கோடையில் இரவிலும் வெளிச்சம் இருப்பதால் குழந்தைகள் தூங்கமாட்டார்கள், கண்மூடிப் பட்டை எடுத்துப் போங்கள். வழக்கமான மருந்துகளைச் சீட்டோடு, சில நாட்களுக்கு அதிகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை லெக்னெஸ் பக்கம் கிராவ்டாலில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் 113, காவல் 112, தீயணைப்பு 110.